பத்து வாக், ஒரே ஒரு ஹிட்: வாசகர் கேள்வி–பதில்

(சென்ற இதழில், 1947 அமெரிக்க பேஸ்பால் உலகத் தொடரைப் பற்றி ஒரு வரி போட்டிருந்தோம்: ‘கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு அவுட் பாக்கி இருக்கும்வரை ஹிட்டே கொடுக்காத பிட்ச்சர், அந்த ஆட்டத்திலேயே தோற்றுப்போனார்.’ அந்த ஒரு வரிக்கு மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய என்பது கேள்விகளிலேயே தெரிகிறது.)

கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். எதிரணி ஒரு ஹிட்கூட அடிக்காமல் எப்படி ரன் எடுக்கும்? அடிப்படையிலிருந்து சொல்லுங்கள். (மேலூர் வாசகர்)

ஹோம் பிளேட்டில் நின்று அடிப்பவர் பேட்டர். அங்கிருந்து கிளம்பி முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸைச் சுற்றி மறுபடி ஹோம் வந்தால் ஒரு ரன். மூன்று அவுட் விழுந்தால் எதிரணியின் முறை; இரண்டு அணியும் ஒரு முறை அடித்தால் ஒரு இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். பிட்ச்சர் போடும் பந்து, 43 செ.மீ. அகலமுள்ள ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே வந்தால் ஸ்ட்ரைக். (அன்றைய அளவு அது, இன்றைக்கு மேல் எல்லை நெஞ்சுக்கு இறங்கிவிட்டது.) அதற்கு வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால் ‘பால்’. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். நான்கு பால் போய்விட்டால் பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், யாரும் தடுக்க முடியாது. இதுதான் வாக். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஒரு ரன்னோடு போச்சு. இங்கே ரன் வராது, ஆள் போய் உட்கார்ந்துகொள்வார். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஹிட் என்பது பேட்டர் பந்தை அடித்து, எதிரணி தவறு எதுவும் செய்யாத நிலையில் பத்திரமாக பேஸைத் தொடுவது. வாக் ஹிட் கணக்கில் சேராது. ஆகவே ஹிட் இல்லாமலே ரன் எடுக்க வழி உண்டு. அந்த ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸையே பாருங்கள். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஜார்கென்சனுக்கு வாக், அடுத்து வந்த கிரெக்குக்கும் வாக். ஸ்டாங்கி பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, தான் அவுட்டாகி, இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு பேஸ் நகர்த்தினார். அடுத்து ரீஸ் அடித்த தரைப்பந்தில் எதிரணிக்கு இன்னொரு அவுட் கிடைத்தது, ஆனால் அதற்குள் ஜார்கென்சன் ஹோம் வந்து சேர்ந்தார். ஸ்கோர் போர்டில் ரன் 1, ஹிட் 0.

என்று, எங்கே, யார் யார்? (சிம்மக்கல்)

1947 அக்டோபர் 3. நமக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். நியூயார்க் யாங்கீஸ் – புரூக்ளின் டாட்ஜர்ஸ், ஏழு ஆட்டத் தொடரில் நான்காவது ஆட்டம். யாங்கீஸ் தரப்பில் பந்து போட்டவர் பில் பெவன்ஸ். அந்த சீசனில் 7 வெற்றி, 13 தோல்வி என்று வைத்திருந்தவர், அணியின் முதல் வரிசை ஆள் இல்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் உலகத் தொடரும் அதுதான்.

கடைசி இன்னிங்ஸை விளக்கமாகச் சொல்ல முடியுமா? எங்கள் கிளப் பையன்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். (கோரிப்பாளையம்)

தாராளமாக. அதற்கு முன், யாங்கீஸின் இரண்டு ரன் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் பிட்ச்சர் ஹாரி டெய்லர் ஓர் அவுட்கூட எடுக்காமல் மூன்று பேஸிலும் யாங்கீஸ் ஆட்களை நிற்கவிட்டு, ஜோ டிமாஜியோவுக்கு வாக் கொடுத்தார். பேஸெல்லாம் நிறைந்திருக்கும்போது வாக் கொடுத்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர வேண்டும், மூன்றாவது பேஸில் இருப்பவர் ஹோம் வந்துவிடுவார். சும்மா வந்த ரன். நான்காவது இன்னிங்ஸில் பில்லி ஜான்சன் மூன்று பேஸ் அடி, ஜானி லிண்டல் இரண்டு பேஸ் அடி, 2–0. ஐந்தாவதில் நாம் மேலே சொன்ன ரன், 2–1.

ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் (வெளியூர் அணி அடிக்கும் முதல் பாதி) யாங்கீஸுக்கு ஒரு அவுட், மூன்று பேஸும் நிறைவு. இன்னும் ஒன்றிரண்டு ரன் சேர்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டாட்ஜர்ஸ் ஹியூ கேசியைக் கொண்டுவந்தது. அவர் போட்ட முதல் பந்தை டாமி ஹென்ரிக் நேராக அவர் கைக்கே தட்டினார். கேசி ஹோமுக்கு எறிய ஒரு அவுட், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) முதல் பேஸுக்கு எறிய இன்னொரு அவுட். ஒரே பந்தில் இன்னிங்ஸ் காலி.

இனி கீழ்ப்பாதி, டாட்ஜர்ஸ் அடிக்கும் முறை. அதுவரை பெவன்ஸ் கொடுத்தது எட்டு வாக், ஹிட் ஒன்றுமில்லை.

புரூஸ் எட்வர்ட்ஸ் இடப்பக்கம் தூக்கி அடித்தார். சுவரோரம் லிண்டல் பிடித்தார். ஒரு அவுட்.

கார்ல் ஃபுரில்லோவுக்கு வாக். ஒன்பதாவது வாக்.

ஜார்கென்சன் அடித்தது கோட்டுக்கு வெளியே மேலே போனது. முதல் பேஸ்காரர் மெக்வின் பிடித்தார். இரண்டு அவுட். உலகத் தொடரில் அதுவரை யாரும் ஹிட் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்ததில்லை. பெவன்ஸுக்கு இன்னும் ஒரே அவுட்.

ஃபுரில்லோவுக்குப் பதில் ஓட, கால் வேகமுள்ள அல் ஜியான்ஃப்ரிடோ வந்தார். கேசிக்குப் பதில் அடிக்க பீட் ரைசர் வந்தார், முந்தின நாள் ஆட்டத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டவர். இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக் ஆன நிலையில், அடுத்த பந்து கையை விட்டதும் ஜியான்ஃப்ரிடோ இரண்டாவது பேஸைத் திருட (பேட்டர் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்குப் போய்விட) ஓடினார். கிளம்பும்போதே கால் சறுக்கியது. கேட்சர் யோகி பெர்ரா, அப்போது புதுமுகம், எறிந்த பந்து உயரமாகப் போனது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) ரிசூட்டோ அதை எட்டிப் பிடித்துக் கீழே கொண்டுவந்து தொடுவதற்குள் ஜியான்ஃப்ரிடோ தலை முன்னே பாய்ந்து பேஸைப் பிடித்துவிட்டார். அந்த எறி ஒரு முழம் தாழ்ந்து வந்திருந்தால் அவர் அவுட், ஆட்டம் முடிவு, சாதனை பெவன்ஸுக்கு. இந்த ஆட்டத்தைப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசி அடியைப் பேசுகிறார்கள். எங்களைக் கேட்டால் ஆட்டம் திரும்பிய இடம் இந்தத் திருட்டுதான்.

மூன்று பால் ஆகிவிட்டது. யாங்கீஸ் மேனேஜர் பக்கி ஹாரிஸ், ரைசரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பச் சொன்னார். பத்தாவது வாக். நொண்டிக்கொண்டு போன ரைசருக்குப் பதில் ஓட எடி மிக்சிஸ்.

அடுத்து ஸ்டாங்கியின் முறை. அவரை உட்காரவைத்துவிட்டு, டாட்ஜர்ஸ் மேனேஜர் பர்ட் ஷாட்டன் 34 வயது குக்கி லாவஜெட்டோவை அனுப்பினார். முதல் பந்து: மட்டையை வீசினார், பந்து படவில்லை. இரண்டாவது பந்து உயரமாக, வெளிப்பக்கம். வலதுகை பேட்டரான லாவஜெட்டோ அதை வலது மூலைக்கு அடித்தார். சுவரில் மோதித் திரும்பியது. இரண்டு அவுட் என்பதால் மட்டையில் சத்தம் கேட்டதுமே இரண்டு ஓட்டக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். ஜியான்ஃப்ரிடோ வந்தார், 2–2. மிக்சிஸ் முதல் பேஸிலிருந்து முழுச் சுற்றும் ஓடி, சறுக்கி விழுந்து பிளேட்டைத் தொட்டார், 3–2. உள்ளூர் அணி கடைசிப் பாதியில் முந்திவிட்டால் அந்த நொடியே ஆட்டம் முடிவு. அதற்கு மேல் பந்து போடுவதற்கு இல்லை.

அம்புட்டு வாக் கொடுத்தவரை ஏன் மாத்தல? நம்ம ஊர்ல ரெண்டு ஓவர் சொதப்புனாலே லாங்-ஆனுக்கு அனுப்பிருவாங்க! (வாடிப்பட்டி)

நியாயமான கேள்வி. அவர் அன்று போட்டது 137 பந்து. இன்றைக்கு 100 தாண்டினாலே மாற்று பிட்ச்சரைக் கூப்பிட மேனேஜர் போனைத் தூக்கிவிடுவார். அன்று தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பது வழக்கம். தவிர, ஹிட்டே கொடுக்காமல் முன்னிலையில் இருக்கிறவரைக் கடைசி இன்னிங்ஸில் வெளியே எடுக்க எந்த மேனேஜருக்குத்தான் மனம் வரும்? எடுத்துத் தோற்றிருந்தால் ஹாரிஸ் நியூயார்க்கில் தெருவில் நடந்திருக்க முடியாது. ஆனாலும் ஃபுரில்லோவுக்கு ஒன்பதாவது வாக் போனபோதே கை ஓய்ந்துவிட்டது என்பது தெரிகிறது. யாங்கீஸிடம் ஜோ பேஜ் என்ற நல்ல முடிப்பாளர் இருந்தார். ஏழாவது ஆட்டத்தில் கடைசி ஐந்து இன்னிங்ஸையும் போட்டுத் தொடரை ஜெயித்துக் கொடுத்தவர் அவரே.

வேண்டுமென்றே வாக் கொடுத்தது சரியா தவறா? முதல் பேஸ் காலியாக இருந்ததால் சரி என்கிறான் என் தம்பி. ஜெயிக்கிற ரன்னைத் தானே ஏற்றிவிட்டார்கள் என்கிறேன் நான். (உசிலம்பட்டி வாசகி)

பாடம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ‘ஜெயிக்கிற ரன்னைக் கையால் பிடித்து பேஸில் ஏற்றாதே’ என்பது பேஸ்பாலில் எழுதாத சட்டம். ரைசர் பேட்டராக நின்றவரை, சாதாரண ஒரு ஹிட் விழுந்தால் 2–2தான் ஆகும். அவர் முதல் பேஸுக்குப் போனதும், நல்ல இரண்டு பேஸ் அடி ஒன்று விழுந்தால் தோல்வி என்று ஆகிவிட்டது.

உங்கள் தம்பி தரப்பையும் சொல்லிவிடுகிறோம். ரைசர் இடதுகை பேட்டர்; எபெட்ஸ் ஃபீல்டில் வலது எல்லை 297 அடிதான், இடதுகைக்காரர் இழுத்து அடித்தால் எட்டிவிடும். முதல் பேஸும் நிறைந்துவிட்டால் தரைப்பந்து எங்கே போனாலும், மூன்று பேஸில் எது கிட்டே இருக்கிறதோ அதை மிதித்தால் அவுட். ஆளைத் துரத்தித் தொட வேண்டியதில்லை. அடுத்து வரவேண்டிய ஸ்டாங்கி அதிரடிக்காரரும் இல்லை. மூன்று பால் ஏற்கெனவே ஆகிவிட்டதால், நான்காவதும் வெளியே போனால் அதே கதைதான்.

எங்கள் கட்சி உங்கள் கட்சி. காரணம் ரைசரின் கால். கணுக்கால் உடைந்தவர் தரைப்பந்து அடித்தால் முதல் பேஸுக்கு ஓடவே முடியாது, எந்த ஃபீல்டரும் ஆற அமர எறிந்து அவுட் ஆக்கலாம். அப்படிப்பட்டவரை எடுத்துவிட்டு, நல்ல காலுள்ள மிக்சிஸை அந்த இடத்தில் வைக்க எதிரணிக்குத் தானே வழிசெய்து கொடுத்தார் ஹாரிஸ். ரைசர் வெறும் சுளுக்கோடு இருக்கிறார் என்று நினைத்திருந்தாலும், நொண்டுவது கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

இன்னொன்று: அன்றைக்கு இந்த வாக்குக்கும் நான்கு பந்தையும் போட்டே ஆக வேண்டும். மேனேஜர் கையைக் காட்டினால் போதும் என்ற விதி 2017-இல்தான் அமெரிக்கப் பெரிய லீக்குகளில் வந்தது. சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் உங்கள் போட்டி விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தைப் போட வேண்டியிருந்தால், பிட்ச்சர் கை விடும்வரை கேட்சர் தன் கட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். பதற்றத்தில் முன்கூட்டியே வெளியே கால் வைத்துவிடுவதும், மெதுவாகப் போடுகிறேன் என்று தலைக்கு மேலே எறிந்து ரன் விட்டுவிடுவதும் பள்ளி ஆட்டங்களில் நடக்கிற கூத்து. கை வேகத்தைக் குறைக்காமல், பிளேட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே, கேட்சரின் நெஞ்சுயரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

பதில் ஓட்டக்காரர் என்றால் கிரிக்கெட் ரன்னர் மாதிரியா? (அலங்காநல்லூர்)

இல்லை. கிரிக்கெட்டில் அடிபட்டவர் ஆட்டத்திலேயே இருப்பார், இன்னொருவர் அவருக்காக ஓடுவார் (சர்வதேச ஆட்டங்களில் 2011-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்). பேஸ்பாலில் மாற்று என்றால் மாற்றுதான்; வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. 2–2 என்று நின்று பத்தாவது இன்னிங்ஸ் போயிருந்தால் ஃபுரில்லோ, ஸ்டாங்கி, கேசி மூவரும் இல்லாமல்தான் டாட்ஜர்ஸ் ஆடியிருக்க வேண்டும். ஷாட்டன் அந்த ஒரே இன்னிங்ஸில் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார் என்று அர்த்தம்.

சுவரில் பட்ட பந்தை எடுக்க ஹென்ரிக் திணறினார் என்கிறார்கள். சுவரில் படுகிற பந்தை எடுப்பதில் அவ்வளவு என்ன கஷ்டம்? (செல்லூர்)

அந்தச் சுவரைத் தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள். எபெட்ஸ் ஃபீல்டின் வலது பக்கம் ரோட்டை ஒட்டியது, இடம் கிடையாது. அதனால் சுவரும் அதன்மேல் கம்பிவலையும் சேர்த்து 38 அடி உயரத்துக்கு எழுப்பியிருந்தார்கள். சுவரின் கீழ்ப்பாதி சாய்வு, மேல்பாதி நெட்டுக்குத்து. பந்து சாய்வில் பட்டால் ஒரு திசை, நேர்ச்சுவரில் பட்டால் ஒரு திசை, வலையில் பட்டால் தொப்பென்று கீழே விழும். உள்ளூர்க்காரனுக்குப் பழக்கம். யாங்கீஸின் வலது ஃபீல்டரான ஹென்ரிக்குக்கு அது வெளியூர் சுவர்.

எகிறிப் பிடிப்பதா, தள்ளி நின்று திரும்பி வருவதை எடுப்பதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். எகிறிப் பிடித்தால் ஹிட் இல்லாத ஆட்டம், தவறினால் பந்து காலடியைத் தாண்டிப் போய்விடும். ஹென்ரிக் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்த பந்து உடனே கைக்கு அடங்கவில்லை. அவர் எடுத்து மெக்வினுக்கு எறிந்து, மெக்வின் ஹோமுக்கு எறிவதற்குள் மிக்சிஸ் வந்துவிட்டார்.

பழக்க வேண்டுமானால் பள்ளிக் காம்பவுண்டுச் சுவரே போதும். சுவரைப் பார்த்து நான்கு மீட்டர் தள்ளிப் பையனை நிறுத்துங்கள். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவர் சுவரில் வெவ்வேறு உயரத்தில் பந்தை எறியட்டும். கையால் எடுப்பது, திரும்புவது, எறிவது மூன்றும் ஒரே அசைவாக வரும்வரை செய்ய வேண்டும். சுவரை முட்டிக்கொண்டு நிற்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பந்து தலைக்கு மேலாகத் திரும்பி ஓடிவிடும். ஹாலோ பிளாக் சுவரில் பூச்சு இல்லை என்றால் பந்து கண்ட பக்கம் போகும், அதுவும் நல்ல பயிற்சிதான்.

ஒரே பந்து போட்ட கேசிக்கு வெற்றியைக் கொடுத்தது அநியாயம் இல்லையா? (தெப்பக்குளம்)

பேஸ்பாலில் வெற்றியை ஒரு பிட்ச்சர் பெயரில் எழுதுவார்கள். தன் அணி முந்தும் நேரத்தில் யார் கணக்கில் பிட்ச்சராக இருக்கிறாரோ அவருக்குத்தான் வெற்றி. கேசிக்குப் பதில் ரைசர் அடிக்க வந்தாலும், வேறு பிட்ச்சர் இன்னும் வராததால் கேசியே கணக்கில் நின்றார். டெய்லருக்குப் பிறகு வந்து ஏழு இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்த ஹால் கிரெக்குக்கு ஒன்றும் இல்லை. அநியாயம்தான். விதி.

ஸ்கோர் புக்கில் இந்தக் கடைசி இன்னிங்ஸை எப்படி எழுதுவது? (திருப்பரங்குன்றம், கல்லூரி மாணவி)

முதலில் எண்களை மனப்பாடம் செய்யுங்கள்: பிட்ச்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது ஃபீல்டர் 7, நடு 8, வலது 9. இது இடத்துக்கான எண். சட்டையில் இருக்கும் எண் அல்ல. புதிதாக எழுதுகிறவர்கள் ஷார்ட்ஸ்டாப்பை 5 என்று போட்டு மொத்தத்தையும் குழப்பிக்கொள்வார்கள்.

எட்வர்ட்ஸ் கட்டத்தில் எஃப்-7 (தூக்கி அடித்ததை 7-ஆம் இடத்துக்காரர் பிடித்தார்), வட்டத்துக்குள் 1 (முதல் அவுட்). ஃபுரில்லோ கட்டத்தில் பி.பி. (வாக்); செங்குத்துக் கோடு போட்டுப் பக்கத்தில் ஜியான்ஃப்ரிடோ பெயர், இரண்டாவது பேஸ் கோட்டோரம் எஸ்.பி. (பேஸ் திருட்டு). ஜார்கென்சன் எஃப்-3, வட்டத்துக்குள் 2. கேசி பெயருக்குக் கீழே ரைசர், ஐ.பி.பி. (வேண்டுமென்றே கொடுத்த வாக்); பிறகு மிக்சிஸ். ஸ்டாங்கி பெயருக்குக் கீழே லாவஜெட்டோ, 2பி (இரண்டு பேஸ் அடி), ஆர்.பி.ஐ. (அவர் அடியால் வந்த ரன்) இரண்டு. ஜியான்ஃப்ரிடோ, மிக்சிஸ் கட்டங்களில் இருக்கும் வைர வடிவத்தை முழுக்கக் கறுப்பாக்குங்கள், அதுதான் ரன். மேல்பாதியில் ஹென்ரிக்கின் இரட்டை அவுட் 1-2-3. இன்னிங்ஸின் அடியில் ரன் 2, ஹிட் 1, தவறு 0. மாற்று ஆள் வரும்போது யாருக்காக வந்தார் என்பதை அந்த நிமிஷமே எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இப்படிப்பட்ட இன்னிங்ஸில் நான்கு பெயரும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஹிட் கொடுக்காமல் ஒருவர் போடும்போது அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாதாமே? (ஆரப்பாளையம்)

ஆமாம், அங்கேயும் கண்ணுபடும் கதைதான். டக்-அவுட்டில் (வீரர்கள் உட்காரும் இடம்) யாரும் பேச மாட்டார்கள், பிட்ச்சர் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். அன்று ரேடியோ வர்ணனையில் முதல் பாதியைச் சொன்ன மெல் ஆலன் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பிற்பாதியைச் சொன்ன ரெட் பார்பர், கேட்கிறவருக்கு நடப்பதைச் சொல்வதுதான் வேலை என்று போட்டு உடைத்தார். அதற்காகத் திட்டும் வாங்கினார். பெவன்ஸ் தோற்றதற்குக் காரணம் பார்பரின் வாய் அல்ல, பத்து வாக்.

ஜாக்கி ராபின்சன் அந்த ஆட்டத்தில் ஆடினாரா? (புதூர்)

ஆடினார், முதல் பேஸில். அந்த வருடம் ஏப்ரல் 15-இல்தான் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்கில் சேர்க்காத நிறவெறித் தடையை உடைத்தார். அன்று அவருக்கும் ஹிட் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் அந்த 1-2-3 இரட்டை அவுட்டின் கடைசிப் பந்தைப் பிடித்தவர் அவர்.

எங்கள் பள்ளியில் பேஸ்பால் களம் போட வேண்டும். அளவு தெரியும், ஆனால் போட்டால் கோணலாக வருகிறது. கரிசல் மண். (திருமங்கலம், உடற்கல்வி ஆசிரியர்)

கோணல் வருவதற்கு எப்போதும் ஒரே காரணம்: முதல் பேஸை முதலில் வைத்துவிட்டு மற்றதைக் கண்மட்டத்தில் வைப்பது. மூலைவிட்டத்திலிருந்து தொடங்குங்கள் சார்.

ஹோம் பிளேட்டின் பின்முனை எங்கே வர வேண்டுமோ அங்கே ஒரு முளை அடியுங்கள். சாயங்காலம் ஆடுவீர்கள் என்றால் அங்கிருந்து பார்க்கும் திசை கிழக்கு-வடகிழக்காக இருக்கட்டும்; பேட்டர் கண்ணில் வெயில் விழாது. அந்தத் திசையில் 38.80 மீட்டர் அளந்து இரண்டாவது முளை. அதுதான் இரண்டாவது பேஸின் நடுப்புள்ளி. இப்போது இரண்டு டேப் வேண்டும். ஒன்று ஹோம் முளையிலிருந்து, இன்னொன்று இரண்டாவது முளையிலிருந்து, இரண்டையும் 27.43 மீட்டருக்கு இழுத்து வலப்பக்கம் சந்திக்க வையுங்கள், அது முதல் பேஸ் மூலை. இடப்பக்கம் சந்திப்பது மூன்றாவது. கடைசியாக முதல் பேஸ் முளைக்கும் மூன்றாவது முளைக்கும் இடையே அளந்து பாருங்கள், 38.80 வர வேண்டும். ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் திரும்பப் பிடுங்கி அடியுங்கள். நைலான் கயிற்றை நம்பாதீர்கள், இழுபடும். துணி டேப்பும் நனைந்தால் ஏமாற்றும். ஸ்டீல் டேப் நல்லது.

முதல், மூன்றாவது பேஸ் பைகள் அந்த முளைக்கு உட்பக்கமாக, கோட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது பேஸ் பையின் நடுப்பகுதி மட்டும் முளைமேல் வரும். பிட்ச்சர் பலகையை மூலைவிட்டத்தின் சரிபாதியில் வைத்துவிடுகிறார்கள், அதுதான் அடுத்த பிழை. சரிபாதி 19.40 மீட்டர், பலகையின் முன்விளிம்பு ஹோம் பின்முனையிலிருந்து 18.44 மீட்டரில் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் முன்னே.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பேஸ் தூரம் 18.29, பிட்ச்சர் தூரம் 14.02 மீட்டர் போதும்.

மேடு இப்போது 25 செ.மீ. உயரம் (பெவன்ஸ் காலத்தில் 38 செ.மீ. வரை இருக்கலாம்). களிமண்ணையும் செம்மண்ணையும் கலந்து, ஒரு அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அடுத்த அங்குலம். மொத்தமாகக் கொட்டி இடித்தால் மேலே இறுகி உள்ளே பொலபொலவென்று இருக்கும். நான்கு நாளில் பிட்ச்சர் கால் வைக்கும் இடத்தில் குழி விழும்.

உங்கள் கரிசல், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் செருப்போடு வரும். பேஸ்களைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்தையாவது அரை அடிக்குத் தோண்டி எடுத்துவிட்டுச் சலித்த செம்மண் நிரப்புங்கள். மேல் 5 செ.மீ. இறுகாமல் உதிரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சறுக்கி விழுகிற பையனின் தோல் உரியும். மேலூர் பக்கம் போல சரளை இருந்தால் கல் பொறுக்காமல் யாரையும் சறுக்க விடாதீர்கள். கோட்டுக்கு நீற்றிய சுண்ணாம்பு போடாதீர்கள். ஜியான்ஃப்ரிடோ போலத் தலை முன்னே பாய்ந்தால் வேர்வையோடு சேர்ந்து கண்ணில் எரியும். சாக் பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று? (சோழவந்தான்)

தொடர் 2–2 ஆனது. ஆனாலும் ஏழாவது ஆட்டத்தை 5–2 என்று வென்று யாங்கீஸ்தான் கோப்பையை எடுத்தது. அதில் பெவன்ஸ் நடுவே வந்து 2 2/3 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் போட்டார். ஆறாவது ஆட்டத்தில் டிமாஜியோ 415 அடி பலகை வரை அடித்ததை ஓடிப்போய்ப் பிடித்தவர், நம் பேஸ் திருடன் ஜியான்ஃப்ரிடோவேதான். பெவன்ஸ், லாவஜெட்டோ, ஜியான்ஃப்ரிடோ மூவரும் அந்தத் தொடருக்குப் பிறகு பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. உலகத் தொடரில் ஹிட் கொடுக்காத முதல் ஆட்டம் 1956 அக்டோபர் 8-இல் வந்தது: யாங்கீஸின் டான் லார்சன், அதே டாட்ஜர்ஸுக்கு எதிராக, ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடாமல், 2–0. அன்று கேட்சர் யோகி பெர்ரா.

பேஸ்பால் கிடைக்கவில்லை. கிரிக்கெட் பந்தில் பழகலாமா? (தல்லாகுளம்)

கூடாது. பேஸ்பால் 142 முதல் 149 கிராம். ஆண்கள் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், அதைவிடக் கடினமும்கூட. அந்த எடையில் தோள்பட்டைக்கு மேலாக நூறு பந்து எறிந்தால் வளரும் பையனின் முழங்கை தாங்காது. கிளவ் இல்லாதவன் விரலும் போகும். பிடிக்கவும் எறியவும் டென்னிஸ் பந்தில் தொடங்குங்கள். அடித்துப் பழக சாஃப்ட்பால் போதும். ஹெல்மெட் இல்லாமல் பேட்டரை நிறுத்தாதீர்கள், எந்தப் பந்தானாலும்.